நாயின் அஸ்தியைச் செடிக்குப் போடும் முன்

அதற்குப் பிடித்த மரத்தடியிலேயே அஸ்தியைக் கொட்டிவிடலாம் என்றுதான் பலருக்கும் தோன்றும். அப்படியே கொட்டாதீர்கள். கையில் வருவது விறகுச் சாம்பல் அல்ல, பெரும்பாலும் பொடித்த எலும்பு. உப்பும் காரத்தன்மையும் அதிகம். இளஞ்செடியின் வேர் கருகிவிடும். ஒரு கைப்பிடி மட்டும் எடுத்து, அதைப்போலப் பல மடங்கு மண்ணும் மட்கிய உரமும் கலந்து, வேரை விட்டுத் தள்ளிப் போடுங்கள்.

30 கிலோ லாப்ரடார் என்றால் ஏறக்குறைய ஒரு லிட்டர் அஸ்தி வரும். அதனால் தோட்டத்துக்குக் கொஞ்சம், கடலுக்குக் கொஞ்சம் என்று தாராளமாகப் பிரிக்கலாம். கடற்கரையில் காற்றுக்கு முதுகு காட்டி நில்லுங்கள். இல்லையென்றால் முகத்தில்தான் வந்து அப்பும்.

முடிவெடுக்க அவசரமே இல்லை. இறுக்கமாக மூடிய டப்பாவில் ஈரம் படாமல் வைத்தால் எத்தனை வருஷமானாலும் கெடாது.