செம்மண் மைதானத்தில் பிள்ளைகளின் கால்பந்தைப் படம் எடுப்பது எப்படி?

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் பள்ளி மைதானங்களில் புல்லைவிடச் செம்மண்தான் அதிகம். ஆடிக் காற்று அடிக்கும் நாளில் பந்து போகிற பக்கமெல்லாம் புழுதி கிளம்பும். அங்கே நம் பிள்ளை ஆடுவதை இருநூறு படம் எடுத்து, வீட்டுக்கு வந்து பார்த்தால், பின்னால் இருக்கும் காம்பவுண்டுச் சுவரில் எழுதியிருப்பது பளிச்சென்று தெரியும். பிள்ளையின் முகம் மட்டும் கலங்கலாக இருக்கும். கேமரா சரியில்லை என்று புதியது வாங்கக் கிளம்ப வேண்டாம். பெரும்பாலும் கோளாறு இரண்டு இடத்தில்தான்: ஃபோகஸ் முறை, நிற்கும் இடம். கேமராவில் கார்டு போடுவது, சார்ஜ் ஏற்றுவது போன்றவை தெரியும் என்று எடுத்துக்கொண்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

படி 1: லென்ஸ்

கேனான் 1500டி, 200டி, நிக்கான் டி3500, டி5600 என்று எது கையில் இருந்தாலும் போதும். லென்ஸில்தான் கவனம் வேண்டும். கேனான்காரர்களுக்கு என் பரிந்துரை 55-250 எம்.எம். எஸ்.டி.எம். லென்ஸ். செகண்ட் ஹேண்டில் வாங்கினாலும் தப்பில்லை. எடை 375 கிராம்தான், கழுத்து வலிக்காது, மோனோபாடும் (ஒற்றைக்கால் ஸ்டாண்டு) தேவைப்படாது. விலை குறைவு என்று 75-300 பக்கம் போக வேண்டாம். அதன் சாதாரண மாடலில் ஐ.எஸ். (கை நடுக்கத்தைச் சமாளிக்கும் வசதி) கிடையாது, 300-க்குப் போனால் கூர்மையும் விழுந்துவிடும். நிக்கானுக்கு ஏ.எஃப்-பி 70-300 நல்ல லென்ஸ்.

கேமராவோடு வந்த 18-55 மட்டும்தான் இருக்கிறதா? அதிலும் எடுக்கலாம். எங்கே நிற்பது என்பது மட்டும் மாறும்.

படி 2: நிற்கும் இடம்

பெற்றோர் எல்லோரும் நிற்பது நடுக்கோட்டு ஓரத்தில், நிழல் இருக்கும் பக்கம். ஆட்டம் பார்க்க அது நல்ல இடம், படம் எடுக்க மோசமான இடம். அங்கிருந்து பிள்ளைகளின் பக்கவாட்டும் முதுகும்தான் கிடைக்கும்.

உங்கள் பிள்ளையின் அணி எந்த கோலை நோக்கி அடிக்கிறதோ, அந்த கோல் கோட்டுக்குப் பின்னால் போங்கள். கோல் போஸ்டுக்கும் கார்னர் கொடிக்கும் நடுவில், கோட்டிலிருந்து மூன்று மீட்டராவது தள்ளி முட்டிபோட்டு உட்காருங்கள். பந்தோடு வருகிற பிள்ளை உங்களைப் பார்த்துதான் வரும். கேமரா பிள்ளையின் இடுப்பு உயரத்தில் இருந்தால் ஆள் ஓங்கித் தெரிவான். நின்றபடி எடுத்தால் தலையும் தரையும்தான் பதியும். வலைக்கு நேர் பின்னால் மட்டும் உட்கார வேண்டாம். ஃபோகஸ் வலைக் கயிற்றில் போய் ஒட்டிக்கொள்ளும்.

இங்கே ஒரு கணக்கு உதவும். நாலரை அடி உயரப் பிள்ளை 30 மீட்டர் தூரத்தில் இருந்தால், 250 எம்.எம்.-ல் படத்தின் உயரத்தில் முக்கால் பங்கு நிறைவான். 50 மீட்டர் தள்ளிப் போனால் பாதிக்கும் குறைவுதான். பெனால்டி பாக்ஸ் கோல் கோட்டிலிருந்து 16.5 மீட்டர் நீளம். அதாவது பாக்ஸும் அதற்கு வெளியே இன்னும் பத்துப் பதினைந்து மீட்டரும் உங்கள் எல்லை. பந்து அதற்கு அப்பால் இருக்கும்போது கேமராவை இறக்கி ஆட்டத்தைப் பாருங்கள். 18-55 வைத்திருப்பவருக்கு எல்லை வெறும் பத்து மீட்டர். கார்னர் கிக், த்ரோ, கோல் கீப்பர், இடைவேளை என்று கிட்டத்தில் நடப்பதை மட்டும் எடுங்கள். அதிலேயே நல்ல படங்கள் கிடைக்கும்.

உட்காரும் முன் எதிர்ப்பக்கம் பின்னணியில் என்ன தெரிகிறது என்று பாருங்கள். வரிசையாக நிற்கும் பைக்குகளைவிட ஒரு புங்கமரத்து நிழல் எவ்வளவோ மேல். பத்தடி நகர்ந்தாலே பின்னணி மாறிவிடும்.

படி 3: ஷட்டர்

மோட் டயலை கேனானில் 'டி.வி.', நிக்கானில் 'எஸ்' என்ற இடத்தில் வையுங்கள், ஷட்டர் வேகத்தை நாமே வைக்கும் முறை அது. வேகம் 1/1000. ஐ.எஸ்.ஓ. (கேமரா வெளிச்சத்தை உணரும் அளவு) ஆட்டோ, உச்சவரம்பு 6400. அவ்வளவுதான்.

1/250 போதாதா என்றால், போதாது. ஓங்கி அடித்த பந்து நொடிக்கு 20 மீட்டர் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 1/250-ல் ஷட்டர் திறந்திருக்கும் நேரத்துக்குள் பந்து 8 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். பந்தின் குறுக்களவே ஏறக்குறைய 22 சென்டிமீட்டர்தான். படத்தில் பந்து முட்டை மாதிரி இழுபட்டிருக்கும். 1/1000-ல் அந்த நகர்வு 2 சென்டிமீட்டர், கண்ணுக்கு உறுத்தாது. நல்ல வெயிலில் எஃப்/5.6 (லென்ஸ் திறப்பின் அளவு), 1/1000 என்றால் ஐ.எஸ்.ஓ. 100-ஐ ஒட்டியே இருக்கும். மாலை ஐந்தரைக்கு மேல் 3200-ஐத் தாண்டும், படத்தில் புள்ளி விழும். விழட்டும். புள்ளியைப் பிறகு குறைக்கலாம், கலங்கலைச் சரிசெய்ய வழியே இல்லை.

படி 4: ஃபோகஸ்

பெரும்பாலானவர்கள் தடுக்கி விழுவது இங்கேதான், அதனால் நிதானமாகப் படியுங்கள்.

கேமரா வாங்கியபடியே இருந்தால் ஃபோகஸ் 'ஒன் ஷாட்' அல்லது 'ஆட்டோ' முறையில் இருக்கும். பட்டனைப் பாதி அழுத்தியதும் ஒரு தூரத்தில் பூட்டிக்கொள்ளும். உட்கார்ந்திருப்பவரை எடுக்க அது சரி. ஓடி வருகிற பிள்ளை அரை நொடியில் மூன்று மீட்டர் முன்னால் வந்திருப்பான், ஃபோகஸ் பழைய இடத்திலேயே நிற்கும். 250 எம்.எம்., எஃப்/5.6-ல் 30 மீட்டர் தூரத்தில் தெளிவாக விழும் ஆழமே சுமார் 3 மீட்டர்தான். பிள்ளை அதைத் தாண்டியதும் கலங்கல்.

முதல் வேலையாக, கேனானில் 'ஏ.ஐ. சர்வோ', நிக்கானிலும் சோனியிலும் 'ஏ.எஃப்-சி' என்று மாற்றுங்கள். பச்சைப் பெட்டி ஆட்டோ மோடில் இருந்தால் இதை மாற்ற விடாது. படி 3-ல் சொன்ன மோடுக்கு வந்த பிறகுதான் முடியும்.

அடுத்து, ஃபோகஸ் புள்ளியைக் கேமராவின் விருப்பத்துக்கு விடாமல் நடுப்புள்ளி ஒன்றை மட்டும் வையுங்கள். 1500டி-யில் ஒன்பது புள்ளி இருந்தாலும் நடுவில் இருப்பது மட்டும்தான் கிராஸ் டைப் (நெடுக்கும் குறுக்குமாக இரண்டு திசையிலும் பார்க்கும் வகை), சட்டென்று பிடிப்பதும் அதுதான். ஒன்பதையும் திறந்துவிட்டால் கிட்டத்தில் தெரியும் எதையாவது பிடித்துக்கொள்ளும். பெரும்பாலும் அது நடுவர்.

நடுப்புள்ளியைப் பிள்ளையின் நெஞ்சில் வையுங்கள். முகத்தில் வைத்தால் தலை அசையும்போது புள்ளி நழுவிச் சுவருக்குப் போய்விடும். ஜெர்சியில் இருக்கும் எண்ணோ எழுத்தோ ஃபோகஸ் பிடிக்க நல்ல இடம்.

பாதி அழுத்தியபடி ஒரு நொடியாவது பிள்ளையைத் தொடர்ந்து வந்து, அதன் பிறகு முழுதாக அழுத்துங்கள். கேமராவைத் தூக்கியதும் படக்கென்று அழுத்தினால் சர்வோ முறையில் ஃபோகஸ் வராமலேயே படம் விழுந்துவிடும்.

டி.எஸ்.எல்.ஆர். வைத்திருப்பவர்கள் கண்டிப்பாக வியூஃபைண்டரில் கண்ணை வைத்துத்தான் எடுக்க வேண்டும். பின்பக்கத் திரையைப் பார்த்து எடுத்தால் 1500டி போன்ற மாடல்களில் ஃபோகஸ் தவழும். வெயிலில் திரையும் தெரியாது.

*பிறகு சேர்த்தது:* சர்வோவுக்கு மாற்றியதும் 'பீப்' சத்தம் வரவில்லை, கேமரா கெட்டுவிட்டதா என்று பலருக்குச் சந்தேகம் வருகிறது. கெடவில்லை. தொடர் ஃபோகஸில் கேனான் கேமரா சத்தம் கொடுக்காது. சத்தம் வந்தால்தான் தப்பு, இன்னும் ஒன் ஷாட்டில் இருக்கிறது என்று பொருள்.

*இன்னொன்று:* ஃபோகஸை ஷட்டர் பட்டனிலிருந்து பிரித்துப் பின்பக்கக் கட்டைவிரல் பட்டனுக்கு மாற்றுவது எனக்குப் பிடித்த முறை. குறுக்கே யாராவது ஓடினால் கட்டைவிரலை எடுத்துவிட்டால் போதும், ஃபோகஸ் இருந்த இடத்திலேயே இருக்கும். ஆனால் அப்படி மாற்றிய கேமராவை விஷயம் தெரியாத மாமாவிடம் கொடுத்து குரூப் போட்டோ எடுக்கச் சொன்னால் எல்லாமே கலங்கிவிடும். கொடுக்கும் முன் பழையபடி மாற்றிவிடுங்கள்.

படி 5: அழுத்தும் நேரம்

பர்ஸ்டில் (தொடர்ந்து படம் எடுக்கும் முறை) வைத்து அழுத்திப் பிடித்தால் ஏதாவது ஒன்று மாட்டும் என்ற நம்பிக்கை வேண்டாம். 1500டி நொடிக்கு 3 படம் எடுக்கும். இரண்டு படத்துக்கு நடுவில், படி 3-ல் சொன்ன அந்தப் பந்து கிட்டத்தட்ட 7 மீட்டர் போய்விடும். காலில் பந்து படுவதைப் பார்த்துவிட்டு அழுத்தினாலும் பயனில்லை, விரல் இறங்குவதற்குள் பந்து ஃபிரேமை விட்டுப் போயிருக்கும்.

உதைக்கிற காலைப் பார்க்காதீர்கள், ஊன்றுகிற காலைப் பாருங்கள். வலது காலால் அடிக்கிற பிள்ளை, பந்துக்குப் பக்கத்தில் இடது காலை ஊன்றுவான். குதிகால் மண்ணில் பதிந்து சின்னதாகப் புழுதி எழும், வலது கால் பின்னால் வளையும், எதிர்ப்பக்கக் கை விரியும். அப்போதே அழுத்துங்கள். பந்தும் பாதமும் சேர்ந்த படம் அப்போதுதான் கிடைக்கும். ஹெட் அடிக்கும்போது இதே கணக்கு: பிள்ளை எம்புவதற்காக முட்டியை மடக்கும் நேரம்.

கோல் விழுந்ததும் கேமராவை இறக்கிக் கைதட்டாதீர்கள். அடுத்த ஐந்து நொடியில்தான் அணைப்பும் ஓட்டமும் இருக்கிறது. கோல் வாங்கிய கீப்பர் வலைக்குள் போய்ப் பந்தை எடுக்கிற முகமும் அப்போதுதான்.

படி 6: வெயிலும் செம்மண் நிறமும்

காலை ஏழரை முதல் ஒன்பது, மாலை நாலரைக்கு மேல், இவைதான் நல்ல வெளிச்சம். நம் ஊர் ஏறக்குறைய 12 டிகிரி வடக்கில் இருப்பதால் ஏப்ரல் 22-ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 20-ஐ ஒட்டியும் நண்பகலில் சூரியன் உச்சந்தலைக்கு மேலேயே நிற்கும். அப்போது கண்குழியும் மூக்கின் கீழும் கறுத்துவிடும். எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை (படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பு) +2/3 ஏற்றுங்கள். வானம் வெளுத்தாலும் பரவாயில்லை, முகம் தெரிய வேண்டும். இதில் செம்மண் கொஞ்சம் கைகொடுக்கும். தரையிலிருந்து எதிரொளித்து வரும் வெளிச்சம் தாடையின் கீழ் நிழலைத் தணிக்கும்.

அதே செம்மண் ஒரு தொல்லையும் தரும். ஒயிட் பேலன்ஸ் (நிறச் சமநிலை) ஆட்டோவில் இருந்தால், தரை அதிகம் தெரியும் படத்தில் ஒரு நிறம், வானம் தெரியும் படத்தில் வேறு நிறம் என்று மாறி மாறி வரும். 'டேலைட்'டில் பூட்டிவிடுங்கள். வெள்ளை ஜெர்சியில் லேசாகச் சிவப்பு ஏறும். அந்தச் சிவப்பு நம் மைதானத்தின் நிறம், முழுக்கத் துடைத்தெடுக்க வேண்டாம். ஃபிளாஷ் போடவே கூடாது. தூரத்துக்கு எட்டாது, கீப்பரின் கண்ணையும் கூசச் செய்யும்.

மாலையில் சூரியன் உங்கள் எதிரே இருக்கும்படி ஒருமுறை உட்கார்ந்து பாருங்கள். நான்கைந்து பேர் பந்துக்கு மோதும் இடத்தில் எழும் புழுதி, பின்னாலிருந்து வெயில் பட்டுத் தீப்பிடித்த மாதிரி நிற்கும். புல் மைதானத்துக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

மொபைலில் எடுப்பவர்களுக்கு

விரலால் இழுத்துப் பெரிதாக்குவது ஜூம் இல்லை, வெட்டல்தான். போனில் உள்ள 2 அல்லது 3 மடங்கு லென்ஸோடு நிறுத்திக்கொள்ளுங்கள். புரோ மோட் இருந்தால் 1/1000 வையுங்கள். கார்னர் கொடிக்குப் பின்னால் உட்கார்ந்து கிட்டத்தில் நடப்பதை மட்டும் எடுங்கள்.

மற்ற பிள்ளைகள்

போனதும் பி.இ.டி. சாரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, நடுவரிடமும் எங்கே உட்காரப் போகிறீர்கள் என்று சொல்லுங்கள். அடுத்தவர் பிள்ளையின் படத்தைப் பெயர், பள்ளி போட்டு ஸ்டேட்டஸில் வைக்க வேண்டாம். பெண்பிள்ளைகள் ஆட்டத்தில் இன்னும் கவனம் தேவை. விழுந்து ஆடை விலகிய படம் இருந்தால் மைதானத்திலேயே அழித்துவிடுங்கள். நல்ல படங்களை அந்தந்தப் பெற்றோருக்கே அனுப்புங்கள். வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் நசுங்கிவிடும், 'டாக்குமென்ட்' ஆக அனுப்பினால் அப்படியே போகும்.

வீடு திரும்பியதும்

மைதானத்தில் லென்ஸைக் கழற்றவே கூடாது. ஒரு முறை கழற்றினாலும் சென்சாரில் செம்மண் உட்கார்ந்துவிடும். ஆடாத நேரத்தில் கேமரா மேல் ஒரு துண்டைப் போட்டு வையுங்கள். வீட்டில் துணியால் துடைப்பதற்கு முன், லென்ஸைத் தலைகீழாகப் பிடித்து ரப்பர் புளோயரால் பத்துப் பதினைந்து முறை ஊதுங்கள். செம்மண்ணில் கலந்திருக்கும் பொடி மணல் கண்ணாடியைக் கீறக்கூடியது. ஊதாமல் துடைத்தால் நாமே உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரி. ஊதிய பிறகு மென்மையான பிரஷ், கடைசியாகத்தான் மைக்ரோஃபைபர் துணி. ஜூம் வளையத்தைத் திருப்பும்போது நறநறவென்று கேட்டால் அழுத்தித் திருப்பாதீர்கள். வளையத்தின் இடுக்கை பிரஷால் சுத்தம் செய்து, மறுபடி ஊதிவிட்டு மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். அப்போதும் சத்தம் நிற்கவில்லை என்றால் சர்வீஸுக்குத்தான் கொடுக்க வேண்டும்.