வீட்டில் எடுத்த படத்துக்கு உருப்படியான கருத்து வாங்குவது எப்படி?

டர்பனில் வீட்டைச் சுற்றியே படம் எடுக்கும் நம்மவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பது ஒன்றுதான்: "காட்டினால் எல்லாரும் சூப்பர் என்கிறார்கள், ஆனால் படம் முன்னேறவே இல்லையே?" என் அனுபவத்தில், கேட்கிற விதத்தை மாற்றினால் பதிலும் மாறும். என் சமையலறை ஜன்னலோரப் படங்கள் தேறியது அப்படித்தான், போன் அதே பழைய போன். போன் கேமராவில் ஃபோகஸ் வைக்கவும் படத்தை வெட்டவும் உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொண்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

படி 1: ஒரே ஒரு படம்

பத்துப் படம் அனுப்பினால் "மூணாவது நல்லா இருக்கு" என்று ஒரு வரி வரும், அதோடு முடிந்தது. ஒன்றை மட்டும் அனுப்புங்கள். அதுவும் நன்றாக வந்ததை அல்ல, நீங்கள் நினைத்ததற்கும் வந்ததற்கும் இடைவெளி தெரிகிற படத்தை. ஃபில்டர் எதுவும் போடாதீர்கள். போர்ட்ரெய்ட் மோடையும் அணைத்துவிடுங்கள், பின்னணியை மங்கலாக்குகிறேன் என்று அது கறிவேப்பிலையின் ஓரத்தையும் சுடரின் நுனியையும் சேர்த்து அரித்துவிடும், அப்புறம் பார்க்கிறவர் அதைப் பற்றித்தான் பேசுவார்.

படி 2: எதைக் காட்ட நினைத்தீர்கள் என்று எழுதுங்கள்

இரண்டு வரி போதும். உதாரணத்துக்கு, புரட்டாசி சனிக்கிழமை காலையில் பூஜை அலமாரி முன் ஏற்றிய காமாட்சி விளக்கு. "விளக்குப் படம், பாருங்கள்" என்று எழுதினால் எதை வைத்துப் பார்ப்பது? "சுடரின் வெளிச்சம் பித்தளையில் வழிவது தெரிய வேண்டும், பின்னால் அலமாரி இருட்டாக இருந்தால் போதும்" என்று எழுதிப் பாருங்கள். இப்போது அவருக்கு ஒரு அளவுகோல் கிடைத்துவிட்டது. சுடர் வெறும் வெள்ளைத் திட்டாகப் போயிருக்கிறது, பித்தளையில் உங்கள் வெள்ளைச் சட்டை பிரதிபலிக்கிறது, இடது பக்கம் ஜன்னலின் பர்க்லர் கார்டு (திருடர் தடுப்பு) கம்பி நிழல் கோடு கோடாக விழுந்திருக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சொல்வார். மூன்றுக்கும் வழி உண்டு. சுடரைத் தொட்டு அழுத்திப் பிடித்து வெளிச்சத்தைப் பூட்டி, பக்கத்தில் வரும் சூரியக் குறியைக் கீழே இழுக்க வேண்டும். கறுப்புச் சட்டை போட்டுக்கொள்ள வேண்டும். விளக்கை ஜன்னலிலிருந்து ஒரு முழம் உள்ளே தள்ளி வைக்க வேண்டும்.

படி 3: "எப்படி இருக்கு?" என்று கேட்காதீர்கள்

அந்தக் கேள்விக்கு நம் வீடுகளில் ஒரே பதில்தான், அன்பாகத்தான் சொல்கிறார்கள், ஆனால் அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. நான் எப்போதும் கேட்பது: "முதலில் உங்கள் கண் எங்கே போனது? அடுத்து எங்கே?" படக்கலை தெரியாதவர்கூட இதற்குப் பதில் சொல்ல முடியும், தயங்காமல் சொல்வார். என் பெரியம்மாவிடம் விளக்குப் படத்தைக் காட்டிக் கேட்டபோது, பின்னால் இருந்த நீல பிளாஸ்டிக் மூடியைத்தான் முதலில் தொட்டுக் காட்டினார், அப்புறம்தான் விளக்கு. "இந்தப் படத்திலிருந்து ஒன்றை எடுத்துவிடலாம் என்றால் எதை எடுப்பீர்கள்?" என்பதும் நல்ல கேள்வி.

படி 4: கோப்பை முழுசாக அனுப்புங்கள்

என்னை அதிகம் அலைக்கழித்தது இந்தப் படிதான், அதனால் நிதானமாகச் சொல்கிறேன். வாட்ஸ்அப்பில் சாதாரணமாகப் போடும் படம் சுருங்கித்தான் போகும். 4000-க்கு 3000 பிக்சல் உள்ள 12 மெகாபிக்சல் படம், நீளப் பக்கம் சுமார் 1600 பிக்சலாக மறுமுனைக்குப் போய்ச் சேரும். திரியின் நுனி, இலை நரம்பு, பித்தளையின் மெல்லிய கீறல் எல்லாம் மழுங்கிவிடும். பார்க்கிறவர் "கை ஆடியிருக்கிறது" என்பார், உங்கள் போனிலோ அதே படம் பளிச்சென்று இருக்கும். இரண்டு பேரும் எவ்வளவு பேசினாலும் தீராது, ஏனென்றால் இரண்டு பேர் கையிலும் இருப்பது ஒரே படம் அல்ல. 2023-இல் வந்த ஹெச்டி தெரிவு பரவாயில்லை, ஆனால் அதுவும் மூலக் கோப்பு அல்ல. இணைப்புக் குறியைத் தொட்டு 'டாக்குமெண்ட்' வழியாக அனுப்புங்கள், அப்போதுதான் உள்ளது உள்ளபடி போகும்.

இன்னொரு லாபமும் உண்டு. கோப்புக்குள் எக்ஸிஃப் என்ற விவரக் குறிப்பு இருக்கிறது: ஷட்டர் வேகம் (வெளிச்சம் உள்ளே விழுந்த நேரம்), ஐஎஸ்ஓ (வெளிச்சத்தை உணரும் திறனின் அளவு), எடுத்த நேரம். சாதாரணமாக அனுப்பினால் இது கழன்றுவிடும், டாக்குமெண்டாக அனுப்பினால் கூடவே போகும். மங்கலான படத்தில் ஷட்டர் 1/15 நொடி என்று இருந்தால் கை ஆடியிருக்கவே வாய்ப்பு அதிகம், போனை எதன் மேலாவது சாய்த்து எடுக்கச் சொல்வார். 1/250 இருந்தும் அசையாத விளக்கு மங்கலாக இருந்தால் ஃபோகஸ் தப்பியிருக்கிறது. படத்தைப் பார்த்து ஊகிப்பதற்கும் இந்த எண்ணைப் பார்த்துச் சொல்வதற்கும் நிறைய வித்தியாசம்.

ஆனால் அந்தக் குறிப்பிலேயே உங்கள் வீடு இருக்கும் இடமும் பதிவாகியிருக்கலாம். படம் எடுப்பதற்கு முன்பே கேமரா அமைப்பில் இருப்பிடப் பதிவை அணைத்துவிடுங்கள், நம் ஊரில் இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது. கேட்டில் உள்ள வீட்டு எண், கார் நம்பர் பிளேட், பிள்ளைகளின் பள்ளிச் சீருடை இவையும் படத்துக்குள் வந்திருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

படி 5: யாரிடம் கேட்பது

மூன்று விதமான ஆட்கள் வேண்டும். படக்கலை தெரிந்தவர் ஒருவர். பொருளைத் தெரிந்தவர் ஒருவர், திரி ஒருபக்கம் சாய்ந்திருப்பதை என் பெரியம்மாதான் கண்டுபிடித்தார், கேமரா வைத்திருக்கும் யாரும் அதைச் சொல்லவில்லை. அப்புறம் உங்கள் வீட்டுக்கு வந்தே இராத ஒருவர், ஏனென்றால் உங்களுக்குப் பழகிப்போன சாமான்கள் அவர் கண்ணை உறுத்தும். ஆர்வம் கூடினால் தென்னாப்பிரிக்க புகைப்படச் சங்கத்தோடு இணைந்த கேமரா கிளப் ஒன்றில் சேருங்கள், அங்கே படத்தைத் திரையில் போட்டு நடுவர் உங்கள் முன்னாலேயே குறை நிறை சொல்வார். வீட்டையும் தெருவையும் எடுப்பது சின்ன வேலை என்று யாராவது சொன்னால் கவலைப்படாதீர்கள். நம் டர்பனில் பிறந்த புகைப்படக்காரர் ஓமர் பட்ஷா, இன்று டாக்டர் யூசுஃப் தாதூ தெரு என்று பெயர் மாறியிருக்கும் கிரே தெருவையும் அதைச் சுற்றியிருந்த மக்களையும் பல ஆண்டுகள் எடுத்தவர்.

படி 6: பதிலை நம் ஊருக்குத் திருப்பிக்கொள்ளுங்கள்

லண்டனில் இருக்கும் உறவினரோ வெளிநாட்டுக் காணொளியோ "வடக்கு ஜன்னல் பக்கம் வை, வெளிச்சம் மெத்தென்று இருக்கும்" என்று சொல்லும். அவர்கள் ஊருக்கு அது சரி. நாம் இருப்பது தெற்கு அட்சம் 30 பாகைக்குப் பக்கத்தில், நண்பகலில் சூரியன் எப்போதும் நமக்கு வடக்கேதான். ஜூன் மாத நண்பகலில் அது சுமார் 37 பாகை உயரத்தில்தான் நிற்கும், வடக்கு ஜன்னல் வழியாக வெயில் அறைக்குள் ஆழமாக வந்துவிடும். டிசம்பரில் சுமார் 84 பாகை, ஏறக்குறைய உச்சந்தலைக்கு மேல், அப்போது அதே ஜன்னலில் வெயில் உள்ளே நுழையாது. மெத்தென்ற வெளிச்சம் வேண்டுமென்றால் நமக்குத் தெற்கு ஜன்னல், கோடையில் அதிகாலையும் மாலையும் மட்டும் சாய்வாக வெயில் எட்டிப் பார்க்கும். ஆகவே படத்தோடு ஊர், மாதம், நேரம், ஜன்னல் பார்க்கும் திசை நான்கையும் எழுதிவிடுங்கள்.

படி 7: ஒன்றை மட்டும் மாற்றித் திரும்ப எடுங்கள்

வந்த கருத்துகளில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, மற்றதெல்லாம் அப்படியே இருக்க, அதே படத்தைத் திரும்ப எடுங்கள். விளக்கையும் நகர்த்தி டியூப் லைட்டையும் அணைத்தால் எது உதவியது என்று தெரியாது. (டியூப் லைட்டை எப்படியும் அணைக்கத்தான் வேண்டும், ஜன்னல் வெளிச்சத்தோடு கலந்து பித்தளையில் பாதி ஒரு நிறம், பாதி இன்னொரு நிறம் என்று ஆக்கிவிடும். ஆனால் அதைத் தனியாகச் செய்யுங்கள்.) பிறகு பழையது, புதியது இரண்டையும் எது எது என்று சொல்லாமல் அதே ஆட்களிடம் காட்டி, கண் முதலில் எங்கே போகிறது என்று மறுபடி கேளுங்கள். வெட்டுவதற்கும் லேசாக வெளிச்சம் கூட்டுவதற்கும் எனக்கு ஸ்னாப்சீட் போதும், காசு கேட்டு நச்சரிக்காத செயலி அதுதான்.

சேர்த்தது: இதைப் படித்த அக்கா ஒருவர் கேட்டார், "ஒருவர் நெருக்கி வெட்டச் சொல்கிறார், இன்னொருவர் இன்னும் இடம் விடச் சொல்கிறார், யார் பேச்சைக் கேட்பது?" அவர் அனுப்பிய படம் கொல்லைப்புறப் புல்லில் மேயும் ஹடீடா என்ற நீண்ட அலகுப் பறவை. இருவரும் கை வைத்தது ஒரே இடத்தில், பறவையின் அலகு படத்தின் ஓரத்தை முட்டிக்கொண்டு நின்ற இடத்தில். அப்படியானால் குறை அங்கே இருப்பது நிச்சயம், வைத்தியம் எதுவென்று நீங்களே இரண்டு விதமாகவும் செய்து பார்க்கலாம். அலகுக்கு முன்னால் இடம் விட்டு எடுத்த படம் அவருக்கே பிடித்துவிட்டது.

இன்னொன்று: ஐபோனிலிருந்து டாக்குமெண்டாக அனுப்பிய படம் மறுமுனையில் திறக்கவில்லை என்று சிலர் எழுதினார்கள். அது ஹெச்இஐசி வகைக் கோப்பு, பழைய கணினிகளில் திறக்காது. செட்டிங்ஸில் கேமரா, அதற்குள் ஃபார்மட்ஸ், அதில் 'மோஸ்ட் கம்பாட்டிபிள்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் இனி எடுப்பவை ஜேபெக் ஆகவே சேமிக்கப்படும். ஏற்கெனவே எடுத்தவற்றை ஸ்னாப்சீட்டில் திறந்து, எதையும் மாற்றாமல் ஜேபெக் ஆக ஏற்றுமதி செய்து அனுப்புங்கள்.