கல்லியப் பேரரசின் காசுகள்: எப்படி அடையாளம் காண்பது?

கி.பி. 260-இல் ரோமத் தளபதி போஸ்துமுஸ், இன்றைய பிரான்ஸ் உள்ளிட்ட கல்லியாவில் தனியரசு அமைத்தார்; அதுதான் கல்லியப் பேரரசு. பிரித்தானியாவும் அவர் பக்கம் சேர்ந்தது. 274-இல் ரோமப் பேரரசர் அவுரேலியன் அதை மீண்டும் ரோமுடன் இணைத்தார். ஆயுள் குறைவுதான், ஆனால் காசுகள் ஏராளம். 1978-இல் இங்கிலாந்தின் வில்ட்ஷயரில் கிடைத்த குனேத்தியோ புதையலில் மட்டும் அந்தக் காலத்துக் காசுகள் ஏறத்தாழ 55,000 இருந்தன. அதனால் பழங்காசு சேகரிப்பைக் குறைந்த செலவில் தொடங்க இதைவிட நல்ல இடம் இல்லை.

1. முதல் காசாக, இந்தப் பேரரசின் கடைசி ஆட்சியாளர் தெத்ரிகுஸின் காசு ஒன்று வாங்குங்கள். காசு எங்கே கிடைத்தது, யார் கையிலிருந்து வந்தது என்று விற்பவரிடம் கேளுங்கள். விளிம்பைச் சுற்றி ஒட்டுக்கோடு ஓடினால் அது அச்சில் வார்த்த போலியாக இருக்கலாம், விட்டுவிடுங்கள்.

2. தேய்க்காதீர்கள். புளி, எலுமிச்சை எதுவும் வேண்டாம். பித்தளைக் குத்துவிளக்குக்குச் சரி, இதற்கு ஆகாது. மேலே படிந்த பச்சைப் படலத்தோடு எழுத்தும் போய்விடும்.

3. முகத்தைப் பாருங்கள். தலையில் கூர்கூராகக் கதிர்க்கிரீடம் இருந்தால் அது அந்தோனினியானுஸ் என்ற வகை. அடர்ந்த நீண்ட தாடி என்றால் போஸ்துமுஸ். இடையில் ஆண்ட விக்டோரினுஸுக்கும் தெத்ரிகுஸுக்கும் தாடி உண்டு, அங்கேதான் குழப்பம் வரும். தாடியில்லாத இளைஞன் தெத்ரிகுஸின் மகன், அவன் பெயரும் தெத்ரிகுஸ்தான்.

4. அப்புறம் எழுத்து. லத்தீனில் 'யு' இருக்கவேண்டிய இடத்தில் 'வி' வடிவம் நிற்கும். தெத்ரிகுஸ் காசுகளில் பாதிப் பெயர் விளிம்புக்கு வெளியே போயிருப்பது சாதாரணம். நாலைந்து எழுத்து தெரிந்தால் போதும், முகத்தோடு சேர்த்துப் பொருத்திவிடலாம்.

5. உலோக நிறத்தையும் கவனியுங்கள். போஸ்துமுஸின் தொடக்கக் காசுகளில் வெள்ளி தெரியும். விக்டோரினுஸ் காலத்தில் கிட்டத்தட்ட செம்புதான்.

6. பின்பக்கத்தில் யார் நிற்கிறார்கள்? நங்கூரம் பிடித்தவள் மகிழ்ச்சியின் தேவி லெத்தீசியா, பூ ஏந்தியவள் நம்பிக்கையின் தேவி ஸ்பெஸ். இரண்டு கைகள் குலுக்கிக்கொண்டால் ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள், சொற்ப காலமே ஆண்ட மாரியுஸின் காசாக இருக்கலாம்.

சிறிய, கோணலான, எழுத்தே இல்லாமல் வெறும் கீறல்கள் கொண்ட காசு வந்தால் ஒதுக்காதீர்கள். கல்லியாவிலும் பிரித்தானியாவிலும் சில்லறைத் தட்டுப்பாட்டில் உள்ளூர்க்காரர்கள் அன்றே அடித்த நகல்கள் அவை. எனக்கு அரசுக் காசுகளைவிட அவைமேல்தான் பிரியம் அதிகம்.