வான்கோழி வால் விரித்துத் திரும்பும் வரை நாணை இழுக்காதீர்கள்
அமெரிக்கக் காடுகளில் வசந்தகாலத்தில் வில்லோடு காட்டு வான்கோழிக்குக் காத்திருப்பவர்கள், சேவல் வாலை விசிறியாக விரித்து முதுகைக் காட்டித் திரும்பும் கணத்திலோ, அதன் தலை பருத்த அடிமரத்துக்குப் பின்னால் மறையும்போதோ மட்டுமே நாணை இழுக்க வேண்டும். பக்கவாட்டில் அமைந்த கண்களால், கழுத்தைச் சற்றுத் திருப்பினாலே சுற்றிலும் பார்த்துவிடும் அப்பறவைக்கு வில்லாளியின் கையசைவு உடனே புலப்பட்டுவிடும். விரிந்த வாலோ அதன் பின்பார்வையை மறைத்துவிடுகிறது. அது கழுத்தை நீட்டி, 'பட்' என்று கூர்மையாக எச்சரிக்கைக் குரல் கொடுத்துவிட்டால் அம்பை எய்யவே வேண்டாம். அவசர அம்பு பறவையைக் காயத்தோடு தப்பவிடும், அது பெருங்கொடுமை. உட்புறம் இருண்ட மறைவுக்கூடாரத்தில் அமர்ந்திருப்பவருக்கும், முன்பே நாணை இழுத்துப் பூட்டிய குறுக்குவில் வைத்திருப்பவருக்கும் இக்காத்திருப்பு பெரும்பாலும் தேவைப்படாது. பெட்டைகள் உடனிருந்தால் சேவல் திரும்புவது மட்டும் போதாது; அவற்றின் பார்வையிலும் கையசைவு படக்கூடாது.