மாடல் வேகப்படகுக்கு எந்தப் புரொப்பெல்லர் மாட்டுவது?

மாடல் படகு கட்ட இறங்குபவர்கள் மோட்டார், பேட்டரி என்று பார்த்துப் பார்த்து வாங்குவார்கள். புரொப்பெல்லர் மட்டும் கடையில் எது கிடைத்ததோ அது. ஆனால் மோட்டார் எவ்வளவு கரண்ட் இழுக்கும் என்பது பெரும்பாலும் அந்தச் சின்னப் பொருளின் கையில்தான் இருக்கிறது. தண்ணீரில் இறக்கிய சற்று நேரத்தில் ஈஎஸ்சி (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பலகை) புகைந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியதும் அதைத்தான்.

உதாரணத்துக்கு ஒரு படகை எடுத்துக்கொள்வோம்: 65 செ.மீ. நீள டீப்-வி (அடிப்பாகம் ஆழமான ‘வி’ வடிவம்) வேகப்படகு, 2000 கேவி (பாரமில்லாமல் ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் 2000 சுற்று) உள்ள 3660 பிரஷ்லெஸ் மோட்டார் (36 மி.மீ. விட்டம், 60 மி.மீ. நீளம்), 3எஸ் லைப்போ பேட்டரி (மூன்று செல் கொண்ட லித்தியம் பாலிமர், 11.1 வோல்ட்).

படி 1: படகு எந்த ரகம்?

இழுவைப் படகு, போர்க்கப்பல் மாதிரியான ஸ்கேல் மாடல் என்றால் வேலை சுலபம். பித்தளைக் குழாய்க்குள் ஓடும் 4 மி.மீ. நேர் ஷாஃப்ட், மோட்டாரோடு சேர்க்க ஒரு யுனிவர்சல் கப்ளிங், அவ்வளவுதான். கியர் இல்லாத சாதாரண பிரஷ் மோட்டாருக்கு, மோட்டார் உடம்பின் விட்டத்தைத் தாண்டாத புரொப்பெல்லர் என்பது அனுபவஸ்தர்களின் கைக்கணக்கு. 540 மோட்டார் என்றால் 35 மி.மீ. வரை போகலாம்.

வேகப்படகில் கதை வேறு. ஓடும்போது புரொப்பெல்லரின் பாதி தண்ணீருக்கு மேலே இருக்கும். அதற்கென்றே வடிவமைத்த சர்ஃபேஸ் புரொப்பெல்லரும், வளைந்து போகும் ஃப்ளெக்ஸ் ஷாஃப்டும் வேண்டும். பின்பக்கம் ஷாஃப்டைத் தாங்கும் ஸ்ட்ரட்டை, படகின் அடிப்பாகத்துக்கு இணையாக வைத்துத் தொடங்குங்கள்.

படி 2: எண்ணைப் படியுங்கள்

ஆக்டுரா நிறுவனத்தின் எக்ஸ்442 என்றால், 42 என்பது மி.மீ. கணக்கில் விட்டம். முன்னால் உள்ள 4, பிட்ச் விட்டத்தைப் போல 1.4 மடங்கு என்பதைச் சொல்கிறது. எக்ஸ்642 என்றால் 1.6 மடங்கு. கொஞ்சமும் வழுக்காமல் போனால் ஒரு சுற்றுக்குப் படகு நகரும் தூரம்தான் பிட்ச்.

நம் படகுக்குக் கணக்குப் போடுவோம். 2000 கேவி × 11.1 வோல்ட் = நிமிடத்துக்கு 22,200 சுற்று. எக்ஸ்440-ன் பிட்ச் 56 மி.மீ. இரண்டையும் பெருக்கி மணிக்கணக்கில் மாற்றினால் சுமார் 75 கி.மீ. வேகம். காகிதத்தில் மட்டும்! பாரம் ஏறியதும் சுற்று குறையும், தண்ணீரிலும் வழுக்கும். 50, 55 வந்தாலே நல்ல படகு.

படி 3: விட்டத்தில் கை வைக்கும்போது கவனம்

ஒரே வடிவ புரொப்பெல்லரை ஒரே வேகத்தில் சுற்றினால், மோட்டார் மேல் விழும் பாரம் விட்டத்தின் ஐந்தாம் அடுக்கில் ஏறும். 40-ஐக் கழற்றிவிட்டு 44 மாட்டினால் பார்வைக்கு வித்தியாசமே தெரியாது. பாரமோ ஏறக்குறைய 60 சதவீதம் கூடிவிடும். 'இன்னும் கொஞ்சம் வேகம்' என்ற ஆசையில் ஈஎஸ்சி-கள் சாவது இப்படித்தான். சுற்று கூடினாலும் பாரம் மும்மடியில் ஏறும் என்பதால், அதே புரொப்பெல்லரோடு 3எஸ்-ஐ 4எஸ் ஆக்குவதும் அதே வம்புதான்.

ஆகவே 36-ல் ஆரம்பியுங்கள். ஒரு நிமிடம் ஓட்டிக் கரைக்குக் கொண்டுவந்து, மூடியைத் திறந்து மோட்டார், ஈஎஸ்சி, பேட்டரி மூன்றையும் தொட்டுப் பாருங்கள். மோட்டாரில் விரலை ஐந்து விநாடி வைத்திருக்க முடியவில்லை என்றால் 60 டிகிரிக்குப் பக்கம் வந்துவிட்டது. அதற்கு மேல் போகாதீர்கள். சாதாரண நியோடிமியம் காந்தம் 80 டிகிரிக்கு மேல் வலுவிழக்கத் தொடங்கும், உள்ளே சூடு வெளியைவிட அதிகம். லைப்போவும் 60-ஐத் தொடக் கூடாது. மூன்றும் இளஞ்சூட்டில் இருந்தால் 38 மாட்டி, மறுபடி ஒரே நிமிடம். இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் இருந்தால் இன்னும் நல்லது.

படி 4: ஃப்ளெக்ஸ் ஷாஃப்ட்

பைக்கின் ஸ்பீடோமீட்டர் கேபிள் பார்த்திருப்பீர்களே, அதே ஜாதிதான் இதுவும். கம்பிச் சுற்று இறுகும் திசையில்தான் மோட்டார் சுற்ற வேண்டும். எதிர்த்திசையில் சுற்றினால் பிரிந்துவிடும். புரொப்பெல்லரும் அதே திசைக்கு உரியதாக இருக்கட்டும். திசை மாற்ற, பிரஷ்லெஸ் மோட்டாரின் மூன்று வயர்களில் ஏதாவது இரண்டை இடம் மாற்றினால் போதும்.

பாரத்தில் கேபிள் இறுகும்போது நீளம் குறையும். அதற்காக ஸ்ட்ரட்டுக்கும் டிரைவ் டாகுக்கும் (புரொப்பெல்லரைப் பிடித்துச் சுழற்றும் துண்டு) நடுவே 3, 4 மி.மீ. இடைவெளி விடுங்கள். ஒட்டி வைத்தால் டிரைவ் டாக் ஸ்ட்ரட்டில் போய் உரசும். ஒவ்வொரு நாள் ஓட்டம் முடிந்ததும் கேபிளை உருவி, துடைத்து, புதுக் கிரீஸ் தடவிச் செருகுங்கள்.

படி 5: பிளாஸ்டிக்கா, உலோகமா?

முதல் படகுக்குப் பிளாஸ்டிக் போதும் என்பது என் கட்சி. குச்சியில் மோதினால் அது உடையும், ஷாஃப்ட் பிழைக்கும். வார்ப்பு உலோகப் புரொப்பெல்லர்கள் பெரும்பாலும் கூர்தீட்டாமல், பேலன்ஸ் செய்யாமல் வரும். அந்த வேலை உங்கள் தலையில். பெரிலியம் காப்பர் என்றால் தூள் நுரையீரலுக்கு ஆபத்து. மாஸ்க் போட்டு, தண்ணீர் விட்டுத்தான் தேய்க்க வேண்டும்.

மேஜையில் வைத்து மோட்டாரைச் சோதிக்கும்போது எந்தப் புரொப்பெல்லரானாலும் கழற்றிவிடுங்கள். 22,000 சுற்றில் அது விரலைப் பார்க்காது.