உங்கள் ஊர் ரயில் நிலையத்தின் கதையை எழுத விரும்புகிறீர்களா?

பாபநாசத்திலிருந்து தஞ்சாவூருக்கு இருபத்திரண்டு ஆண்டுகள் சீசன் டிக்கெட்டில் போய்வந்தவள் நான். எதிர் வண்டிக்காகக் கிராசிங்கில் நின்ற பொழுதுகளில்தான் நிலையங்களை உற்றுப் பார்க்கப் பழகினேன். தங்கள் ஊர் நிலையத்தின் வரலாற்றை எழுத ஆசைப்படும் டெல்டாக்காரர்களுக்கு என் அனுபவம் உதவும் என்று நம்புகிறேன்.

முதலில் நடைமேடைக் கோடியில் உள்ள மஞ்சள் பெயர்ப் பலகைக்குப் போங்கள். பெயருக்குக் கீழே கடல் மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் உயரம் என்று எழுதியிருக்கும். தஞ்சாவூரில் அதைக் குறித்துக்கொண்டு திருவாரூர், நாகப்பட்டினம் பலகைகளையும் பாருங்கள். எண் குறைந்துகொண்டே வரும். ஆற்றுத் தண்ணீர் கடைமடைக்குப் போகும் சரிவு அந்தப் பலகைகளிலேயே தெரிந்துவிடும்.

அடுத்து நிலையத்தின் குறியீடு, அதாவது ரயில்வே அதற்கு வைத்திருக்கும் ஆங்கில எழுத்துச் சுருக்கம். மயிலாடுதுறைக்கு இன்றும் ‘எம்.வி.’ தான். 1982இல் ஊர்ப் பெயர் மாறிவிட்டது. குறியீட்டில் மட்டும் பழைய பெயரான மாயவரம் தங்கிவிட்டது. தஞ்சாவூரின் ‘டி.ஜே.’ வெள்ளைக்காரர்கள் சொன்ன ‘டாஞ்சூர்’.

பாதை எப்போது வந்தது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம், மயிலாடுதுறை வழியே விழுப்புரம் போகும் பாதைக்கு ‘மெயின் லைன்’ என்று பெயர் இருப்பதால் அதுவே மூத்தது என்று எழுதிவிடுகிறார்கள். மூத்தது நாகப்பட்டினம் பாதை. துறைமுகத்தில் தொடங்கி திருவாரூர், நீடாமங்கலம், தஞ்சாவூர் வழியாகத் திருச்சிக்கு 1861-62இல் அகலப் பாதையாகப் போட்டார்கள். 1875இல் தண்டவாளங்களின் இடைவெளியை ஒரு மீட்டராகக் குறைத்து, அதையே மீட்டர் பாதையாகக் குறுக்கினார்கள். கும்பகோணம் வழிப் பாதை அதற்குப் பிறகு, 1870களின் பிற்பகுதியில் வந்தது. நம் காலத்தில் இரண்டுமே அகலப் பாதைகளாயின. அதற்காக மயிலாடுதுறை - விழுப்புரம் பாதையை 2006இல் மூடி 2010இல் திறந்தார்கள். அந்த இடைவெளியில் பஸ்ஸில் அல்லாடியவர்கள் உங்கள் ஊரிலும் இருப்பார்கள், அவர்களையும் எழுதுங்கள்.

இனி வரைபடம். நிலைய அதிகாரியிடம் அனுமதி கேட்டுக்கொண்டு நடைமேடையிலிருந்தே வரையுங்கள். தண்டவாளத்தில் இறங்கவே இறங்காதீர்கள். ரயில்வே சட்டத்தின் 147ஆம் பிரிவுப்படி அது குற்றம், உயிருக்கும் ஆபத்து. நேராக ஓடும் கோடு மெயின். அதிலிருந்து பிரிந்து வளைந்து, மறுகோடியில் மீண்டும் சேர்வது லூப். தஞ்சாவூரிலிருந்து விழுப்புரம் வரை ஒற்றைப் பாதை. ஒரு வண்டி லூப்பில் ஒதுங்கினால்தான் எதிர் வண்டிக்கு வழி கிடைக்கும். எது ஒதுங்குகிறது, எது ஓடிப்போகிறது என்று ஒரு காலைப்பொழுது கவனித்தால் போதும், நிலையத்தின் அமைப்பு முழுவதும் விளங்கிவிடும்.

வேலிக் கம்பங்களை மறக்காதீர்கள். பழைய தண்டவாளத்தை வெட்டித்தான் பல இடங்களில் வேலிக்கு நட்டிருக்கிறார்கள். அதன் இடுப்புப் பகுதியில், அதாவது தலைக்கும் அடிக்கும் நடுவே உள்ள ஒடுங்கிய பக்கத்தில், தயாரித்த ஆலையின் பெயரும் ஆண்டும் புடைப்பு எழுத்தில் இருக்கும். பெயின்ட் அப்பிப் படிக்க முடியாமல் இருந்தால், ஒரு தாளை வைத்து அழுத்திப் பென்சிலைச் சாய்த்துத் தேயுங்கள். முதலில் வெறும் கறுப்புதான் வரும். பிறகு ஓர் எட்டு, ஓர் ஒன்பது என்று இலக்கங்கள் மெல்ல மேலெழும். முதன்முறை அப்படி ஓர் ஆண்டு தாளில் தெரிந்தபோது எனக்குக் கை நடுங்கியது. ஆனால் அது தண்டவாளம் தயாரித்த ஆண்டுதான். அதை நிலையம் கட்டிய ஆண்டாக எழுதிவிடாதீர்கள். தண்டவாளம் எங்கெங்கோ கிடந்துவிட்டு வந்திருக்கலாம்.

கடைசியாகப் பெரியவர்களைத் தேடிப் போங்கள். “எப்போது கட்டினார்கள்?” என்று கேட்டால் “அந்தக் காலத்திலேயே” என்பதோடு முடிந்துவிடும். “நெல் மூட்டையை எங்கே ஏற்றினார்கள்? மணி எங்கே தொங்கியது?” என்று கேளுங்கள். தண்டவாளப் பராமரிப்பு வேலை பார்த்து ஓய்வுபெற்ற கேங்மேன் ஒருவரிடம் என் வரைபடத்தைக் காட்டினேன். நெடுநேரம் பார்த்துவிட்டுப் பென்சிலை வாங்கி, நடைமேடையின் மேற்குக் கோடியில் ஒரு வட்டம் போட்டார். “இங்கேதான் கரி இன்ஜினுக்குத் தண்ணீர் பிடிப்பார்கள். ஒழுகும் தண்ணீரில் நாங்கள் குளிப்போம்” என்றார். மறுநாள் போய்ப் பார்த்தேன். புல்லுக்கு நடுவே வட்டமாகச் செங்கல் தெரிந்தது.