பீன்ஸ் பொரியல்: கணக்கிலும் பக்குவத்திலும் நேரும் தவறுகள்

பெயரில் பீன்ஸ் இருப்பதால் அது பயறு வகைகளைப் போலப் புரதம் தரும் என்று எண்ணுவதே இப்பொரியலைப் பற்றிப் பரவலாகக் காணப்படும் முதல் தவறு. நாம் நார் உரித்து நறுக்குவது விதை முற்றாத பிஞ்சுக்காய். அதன் 100 கிராமில் ஏறத்தாழ 2 கிராம் புரதமே உண்டு, அதே எடையுள்ள துவரம்பருப்பிலோ 20 கிராமுக்கு மேல் இருக்கிறது. ஆகவே சோறு, ரசம், பீன்ஸ் பொரியல் என்று முடிந்துவிடும் மதிய உணவைச் சைவ உணவுக்காரர்கள் நிறைவானதாகக் கருத இயலாது. பருப்பை ஊறவைத்து அரைத்துச் சேர்க்கும் உசிலி இக்குறையை நன்றாகவே ஈடு செய்கிறது.

அடுத்தது கலோரிக் கணக்கு. கால் கிலோ பீன்ஸில் ஏறத்தாழ 80 கலோரிதான் உள்ளது. ஆனால் தாளிக்க ஊற்றும் இரண்டு மேசைக்கரண்டி எண்ணெயில் 240 கலோரியும், மேலே தூவும் 40 கிராம் தேங்காய்த் துருவலில் 140 கலோரியும் இருப்பதால், வாணலியில் உள்ள மொத்த ஆற்றலில் காயின் பங்கு ஐந்தில் ஒன்றைக்கூட எட்டுவதில்லை. மாவுச்சத்துக் குறைந்த காய் என்பதால் நீரிழிவு உள்ளவர்களுக்கு இது ஏற்றதே. எனினும் சோற்றைக் குறைத்து அந்த இடத்தில் பொரியலைக் கூட்டிக்கொண்டால்தான் பயன் உண்டு, வழக்கமான சோற்றோடு இதையும் சேர்த்துக்கொள்வதால் சர்க்கரை இறங்கிவிடாது. கலோரிக்கு அஞ்சி எண்ணெயை அறவே விலக்குவதும் சரியன்று, ஏனெனில் பீன்ஸில் உள்ள வைட்டமின் கே கொழுப்பின் துணையோடுதான் உடலில் நன்கு சேரும். நால்வருக்கான பொரியலுக்கு இரண்டு தேக்கரண்டி எண்ணெய் போதும்.

பக்குவத்தில் நேரும் தவறுகளில் நான் மிகவும் வருந்துவது சமையல் சோடாவைப் பற்றித்தான். பச்சை நிறம் மாறாதிருக்க ஒரு சிட்டிகை போடுவது விருந்துச் சமையலில் வழக்கமாக இருக்கலாம். ஆனால் அது காயைக் குழைய வைப்பதுடன் வைட்டமின் சி, தயாமின் (வைட்டமின் பி1) ஆகியவற்றையும் அழித்துவிடுகிறது. காயிலிருந்து ஆவியாகும் அமிலங்கள் மூடிக்குள் அடைபட்டு மீண்டும் காயில் படிவதே நிறம் மங்குவதற்கு ஒரு காரணம் என்பதால், முதல் சில நிமிடங்கள் திறந்து வைத்து வேகவிட்டாலே போதுமானது. நறுக்கிய பிறகு கழுவுவதும், நிறைய நீரில் வேகவைத்து அந்நீரைக் கொட்டுவதும் நீரில் கரையும் சத்துகளை வீணாக்கும்; கழுவிவிட்டு நறுக்கி, கையளவு நீர் தெளித்து வேகவைப்பதே நல்லது. அதற்காக அரைவேக்காட்டில் இறக்கிவிடவும் கூடாது, பீன்ஸில் உள்ள லெக்டின் என்னும் புரதம் சரியாக வேகாவிட்டால் வயிற்றைக் கெடுக்கக்கூடும்.

ஆனால் பொட்டாசியத்தைக் குறைக்கும்படி மருத்துவர் அறிவுறுத்திய சிறுநீரக நோயாளிகளுக்கு, வேகவைத்த நீரைக் கொட்டக் கூடாது என்ற விதி தலைகீழாகிறது. அவர்களுக்குச் சமைக்கும்போது நிறைய நீரில் வேகவைத்து வடிப்பதே முறை, ஏனெனில் பொட்டாசியத்தின் ஒரு பகுதி அந்நீரோடு போய்விடுகிறது. ஒரே வாணலியில் வீட்டார் அனைவருக்கும் சமைப்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

இரத்தம் உறையாதிருக்க வார்ஃபரின் உட்கொள்பவர்கள் வைட்டமின் கே-க்கு அஞ்சிப் பீன்ஸை ஒதுக்க வேண்டியதில்லை. கீரைகளோடு ஒப்பிட்டால் இதில் அது குறைவு. ஒரு வாரம் நிறைய, மறு வாரம் ஒன்றுமில்லை என்று அளவை ஏற்றி இறக்குவதுதான் மருந்தின் செயலைக் குலைக்கும்.

கடைசியாக, பலர் நினைத்தும் பார்க்காத பெருங்காயம். காயும் தேங்காயும் பருப்பும் மட்டுமே சேர்ந்த பொரியலில் கோதுமை எங்கிருந்து வரும் என்று தோன்றலாம். ஆனால் கடைகளில் கிடைக்கும் கூட்டுப் பெருங்காயம் பலவற்றில் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கிறது. கோதுமை ஒவ்வாத சீலியாக் நோய் உள்ள விருந்தினருக்குப் பரிமாறும் முன் டப்பாவில் அச்சிட்டுள்ள சேர்மானப் பட்டியலைப் படித்துப் பார்க்க வேண்டும். டப்பா கைவசம் இல்லையென்றால் கடுகும் கறிவேப்பிலையும் மட்டும் தாளித்துக்கொள்ளலாம்.